கவனக்குறைபாடும் வகுப்பறைத் தமிழும்

1. கலைச்சொல்

ஓரிடத்தில் அமர்தல், தொடங்கிய பணியை முடித்தல், தன் முறைக்குக் காத்திருத்தல் ஆகியவற்றில் தொடர்ந்து இடர்ப்படும் குழந்தைகளின் நிலைக்குரிய பெயர் காலந்தோறும் மாறி வந்துள்ளது. 1902இல் இலண்டனில் ஆற்றிய உரைகளில் ஜார்ஜ் ஸ்டில் இதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையாகக் கண்டார். அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் கையேடு 1968இல் மிகை இயக்கத்தையும் 1980இல் கவனத்தையும் பெயரில் முதன்மைப்படுத்தியது. 1987இல் இரண்டையும் இணைத்தது.

தமிழில் இதனைக் 'கவனக்குறைவு' என்பாரும் உளர். பொதுவழக்கில் அச்சொல் அசட்டையைக் குறிக்கும். 'கவனக்குறைவால் விபத்து' என்னும் செய்தித் தலைப்பில் பழி அடங்கியுள்ளது. பெற்றோருக்குச் செல்லும் அறிக்கையில் இது இடம்பெறின் குழந்தையின் இடர்ப்பாடு குற்றமாகிவிடும். 'கவனக்குறைபாடு' என்பதே இதனினும் பொருத்தமானது.

2. ஏவல் தொடர்

மருந்தின்றி வகுப்பறையில் செய்யத்தக்கவற்றுள் ஒன்று, ஆசிரியரின் மொழியைச் சீர்செய்தல். பின்வரும் தொடரைக் காண்க:

'புத்தகத்தை எடுத்து, பதினைந்தாம் பக்கத்தைப் புரட்டி, மூன்றாம் கேள்வியைப் படித்து, விடையை எழுதி, என்னிடம் காட்டுங்கள்.'

இது கூற்றா, வினாவா, ஏவலா என்பது இறுதி முற்றுவினையிலேயே தெளிவாகும். அதுவரை நான்கு வினையெச்சங்களையும் வரிசை பிறழாமல் மனத்தில் தாங்க வேண்டும். இக்குழந்தைகள் பலருக்குச் செயல்நினைவு வலுக்குறைந்திருத்தலின், இடையிலுள்ள செயல்கள் நழுவுகின்றன. அது கீழ்ப்படியாமையாகக் கருதப்படுகிறது. ஒவ்வோர் எச்சத்தையும் முற்றாக்கி, ஒரு செயல் முடிந்தபின் அடுத்ததைக் கூறுவதும், வரிசையைக் கரும்பலகையில் எழுதிவைப்பதும் இச்சுமையைக் குறைக்கும்.

மேலும் மூன்று கூறுகள் கருதத்தக்கவை. பெயரை விளித்துக் கவனத்தைப் பெற்ற பின்னரே ஏவுதல் வேண்டும். 'ஓடாதே' என்பது செய்யத்தகாததை மட்டும் சுட்டும். 'மெதுவாக நட' என்பது செய்யவேண்டியதைச் சுட்டும். 'எத்தனை முறை சொல்வது?' என்பது வடிவில் வினா, பயனில் கடிதல்; குழந்தை அடுத்துச் செய்யவேண்டியது அதில் யாதும் இல்லை.

3. பிற துணைகள்

ஆசிரியருக்கு அருகில் இருக்கை, பணியைச் சிறு கூறுகளாகப் பகுத்தல், செய்தவுடன் பாராட்டுதல், குறிப்பேடுகளைப் பகிர்ந்தளிப்பது போன்ற அசைவுக்கு இடந்தரும் பணி, அன்றாட இலக்குகளைக் குறித்து வீட்டிற்கு அனுப்பும் அட்டை ஆகியன பயன்தரும். ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோர் பயிற்சியும் வகுப்பறை நடத்தைமுறைகளுமே முதற்கண் மேற்கொள்ளத்தக்கன என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2019இல் வழிகாட்டியது. மூத்த குழந்தைகளுக்கு மருந்து தேவையா என்பது மருத்துவர் முடிவுசெய்ய வேண்டியது. அம்முடிவு எதுவாயினும் வகுப்பறைத் துணை வேண்டற்பாலதே.

4. மொழிபெயர்ப்பாளர் கடமை

ஆங்கில ஆசிரியர் கையேடுகளில் ஏவல்வினை தொடரின் முதலில் நின்று, சிறு கட்டளைகள் தனித்தனியே அமையும். அவற்றை எச்சங்களால் கோத்து ஒரே தொடராக்குதல் நல்ல தமிழ்நடை எனப் பழகியுள்ளோம். பிறவிடத்தில் அழகாகும் அக்கோவை, இங்கு மூலத்தின் பயனையே அழித்துவிடும். குழந்தையிடம் கூறவேண்டிய தொடர்களைப் பெயர்க்கும்போது முற்றுகளை முற்றுகளாகவே நிறுத்துதல் நன்று.