எழுத்தும் மின்சுற்றும்

கொங்கு நாடு இலக்கணத்திற்கும் இயந்திரத்திற்கும் ஒருங்கே பெயர்பெற்றது. நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் விசயமங்கலத்தோடு தொடர்புடையவர் என்பது இந்நாட்டு மரபு. கோயம்புத்தூரிலோ நீரிறைக்கும் பம்புகளும் நூற்பாலைப் பொறிகளும் உருவாகின்றன. இலக்கணமும் இயந்திரமும் தம்முள் தொடர்பற்றவை எனப் பலர் எண்ணுவர். மின்சுற்றை எழுத்தால் அமைக்கும் முறையை அறிந்தோர் அவ்வாறு எண்ணார்.

இன்று பொறிகள் பலவற்றைக் கட்டுப்படுத்துவன மின்னணுச் சுற்றுகளே. பொறியாளர் அவற்றைத் தாளில் படமாக வரைவது வழக்கம். உறுப்புகள் பெருகப் பெருகப் படம் சிக்கலாயிற்று. அதனைக் கணிப்பொறிக்கு உணர்த்துதலும் அரிதாயிற்று. ஆதலின், சுற்றை எழுத்தால் விளக்கும் மொழிகள் தோன்றின. 1973-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து வெளிவந்த 'ஸ்பைஸ்' என்னும் கணிப்பொறி நிரல் அத்தகைய மொழி ஒன்றைக் கொண்டது.

இம்மொழியில் ஒரு மின்தடையை வரையறுக்க ஒரு வரி போதும். அவ்வரி பெயர், இணையும் இடங்கள், அளவு என்னும் மூன்றனையும் உரைக்கும். பெயரின் முதலெழுத்தே உறுப்பின் வகையைக் காட்டும். 'ஆர்' எனத் தொடங்கின் மின்தடை. 'சி' எனத் தொடங்கின் மின்தேக்கி. உறுப்புகள் ஒன்றோடொன்று கூடும் இடம் கணு எனப்படும். கணுக்களுக்கு எண்கள் இடப்பெறும். 'ஆர்1 1 2 350' என்னும் வரி, 'ஆர்1' என்னும் மின்தடை ஒன்றாம் கணுவிற்கும் இரண்டாம் கணுவிற்கும் இடையே உள்ளது என்றும், அதன் அளவு 350 ஓம் என்றும் பொருள்படும். டையோடு போன்ற உறுப்புகளின் இயல்புகள் பல. அவை தனியே ஒருமுறை வரையறுக்கப்பெற்றுப் பின்னர்ப் பெயரால் மட்டுமே சுட்டப்பெறும். இலக்கண நூலார் குற்றியலுகரத்தை ஒருமுறை வரையறுத்துப் பின் அப்பெயரையே ஆளுதலை இஃது ஒக்கும்.

9 வோல்ட் மின்கலத்தால் ஒளியுமிழ் டையோடு என்னும் சிறு விளக்கை எரிப்பதாகக் கொள்வோம். விளக்கிற்கு 2 வோல்ட் போக, எஞ்சிய 7 வோல்ட் மின்தடையைச் சாரும். மின்தடை 350 ஓமாயின் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாயும். விளக்கு நன்கு எரியும். எழுதுவோர் ஒரு சுழியை விட்டு 35 என எழுதின், மின்னோட்டம் ஏறத்தாழப் பத்து மடங்காகும், விளக்குக் கருகும்.

எழுத்துப் பிழை இதனினும் பெருங்கேடு விளைப்பதுண்டு. ஸ்பைஸ் மொழியில் எண்ணின்பின் வரும் 'எம்' என்னும் எழுத்து ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிக்கும். பத்து இலட்சத்தைக் குறிக்க 'மெக்' என எழுதல் வேண்டும். பத்து இலட்சம் ஓம் எனக் கருதி '1எம்' என எழுதியவரின் மின்தடை நூறு கோடி மடங்கு குறைந்துவிடும். 'கால்' என எழுதக் கருதியவர் 'கல்' என எழுதினால் பொருளே மாறுமன்றோ? மனிதர் கருத்தறிந்து திருத்திப் படிப்பர். கணிப்பொறியோ எழுதியதையே கொள்ளும்.

எனினும், எழுத்தில் உள்ள பிழை எளிதில் திருந்தும். கணிப்பொறி காட்டும் மின்னோட்ட அளவைக் கண்டு பொறியாளர் பிழையை உணர்வர். பொருள் கருகுமுன் எழுத்தைத் திருத்துவர். சில்லாக வார்த்தபின் அது கைகூடாது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 'சக்தி' என்னும் செயலியைப் 'புளூஸ்பெக்' என்னும் மொழியில் எழுத்தாகவே வடிவமைத்தனர். 2018-இல் அவ்வெழுத்துச் சிலிக்கான் சில்லாக உருப்பெற்றது.

இவ்வாறு எழுத்தே பொருளாகும் காலம் இது. ஆதலின், பிழையற எழுதும் பழக்கம் புலவர்க்கு மட்டுமன்றிப் பொறியாளர்க்கும் இன்றியமையாததாகும்.