செப்புத் தகடு கூறும் சான்று

'கெரில்லா' என்னும் சொல் ஸ்பானிய மொழியிற் 'சிறு போர்' எனப் பொருள்படும். 1808 ஆம் ஆண்டில் நெப்போலியனின் படை ஸ்பெயினுட் புகுந்தபோது, அதனை மறைந்து நின்று தாக்கிய மக்களாலேயே அச்சொல் உலக வழக்காயிற்று. பெயர் சிறிது, துயரோ பெரிது. எதிர்த்தவன் உழவனின் உடையில் உலாவினான். படைவீரனோ உழவர் அனைவரையும் பகைவராகவே கண்டான். ஊரார் உணவைப் பறித்தே படை உண்டது. பிடிபட்டோர் விசாரணையின்றிச் சுடப்பட்டனர், பெண்டிர் மானபங்கப்படுத்தப்பட்டனர்.

இக்கொடுமைகளை ஓவியர் கோயா செப்புத் தகடுகளிற் செதுக்கினார். பிரெஞ்சுப் படையினரின் பழியை மட்டுமா காட்டினார்? கோடரி ஓங்கி நிற்கும் ஸ்பானியனையும், வீழ்ந்து கிடப்பவனை அடிக்கும் தம் நாட்டுக் கூட்டத்தையும் மறையாது வரைந்தார். தம்மவர் பிழையை மறைத்துக் கூறுவது வாதமாகலாம், சான்றாகாது.

அவர் வாழ்நாளில் அத்தொகுதி வெளிவரவில்லை. 1828 இல் அவர் மறைந்தார். 80 சித்திரங்கள் 1863 இலேயே அச்சேறின. 35 ஆண்டுகள் பிந்தியும் அச்சான்று அழிந்திலது. வென்ற தளபதியரின் பெயர்கள் மறக்கப்படலாம். அத்தகடுகளிற் பெயரின்றி வீழ்ந்து கிடக்கும் எளியோரைக் கண்டவர் மறத்தல் அரிது.