லைட்டர் தீ ஏன் கேஸோட பறந்து போகல?

ஊத்துக்கோட்டை பக்கம் பெட்டிக்கடையில கயித்துல தொங்குற லைட்டரை யோசிங்க. கேஸ் மேல சீறுது, தீ மட்டும் அங்கேயே நிக்குது. எப்படி?

நாசிலை ஒட்டி மெல்லிசா ஒரு இருட்டு இடைவெளி இருக்கும். நாசில் சூட்டை உறிஞ்சிடறதால அங்க எரியாது. ஆனா கேஸும் காத்தும் கொஞ்சம் கலக்குறது அங்கதான். அந்தக் கலவைக்குள்ள தீயோட நீல விளிம்பு கீழ்நோக்கி ஓடப் பார்க்கும். கேஸ் மேல தள்ளும். ட்ரெட்மில்ல ஓடுற மாதிரி, ரெண்டு வேகமும் சமமாகுற இடத்துல தீ நிக்கும்.

கேஸ் வேகத்தைக் கூட்டினா? 1991-ல சங், லீ ரெண்டு பேரும் காட்டினாங்க: புரொப்பேன், பியூட்டேன் தீ நாசிலை விட்டு எழும்பி அந்தரத்துலயும் நிலையா நிக்கும். மீத்தேன் நிக்காது, அணைஞ்சிடும்.

சமையல் சிலிண்டர்லயும் முதல் ரெண்டும்தான். (அடுப்புல காத்து முன்னாடியே கலக்கும், கணக்கு கொஞ்சம் வேற.) தீ அணைஞ்சாலும் கேஸ் வந்துட்டே இருக்கும், காத்தை விட கனம், தரையில தேங்கும். சுவிட்சைத் தொடாம ரெகுலேட்டரை மூடுங்க, ஜன்னலைத் திறங்க.