கொல்கத்தா மியூசியம் ட்ரிப்: ரூம் எங்கே போடலாம்?

இருக்கிறதே ரெண்டு நாள் லீவு. அதற்குள் கொல்கத்தாவின் அருங்காட்சியகங்களைப் பார்க்க வேண்டும். வாடகை குறைவு என்று ஊரின் கிழக்கே தள்ளியிருக்கும் நியூ டவுனில் ரூம் போட்டால்? மிச்சம் பிடித்த பணம் டாக்ஸிக்கே போய்விடும். டிராஃபிக்கில் போன நேரமும் திரும்பி வராது.

அப்போ எங்கே தங்குவது?

1814-ல் தொடங்கப்பட்ட இந்திய அருங்காட்சியகத்தை மையமாக வையுங்கள். அதை ஒட்டியே இருக்கிறது சடர் ஸ்ட்ரீட். பட்ஜெட் லாட்ஜுகளுக்குப் பேர்போன இடம். அறைகள் சின்னதாக, பழசாக இருக்கலாம். ரிவியூ பார்த்து புக் பண்ணுங்க. வசதி முக்கியம் என்றால் பக்கத்திலேயே பார்க் ஸ்ட்ரீட்.

மற்ற இடங்களுக்கு எப்படிப் போவது?

பார்க் ஸ்ட்ரீட்டில் மெட்ரோ ஏறுங்கள். தெற்கே ரவீந்திர சதனில் இறங்கினால் விக்டோரியா நினைவகத்துக்கு நடந்தே போகலாம். வடக்கே கிரீஷ் பார்க்கில் இறங்கினால், தாகூர் பிறந்த ஜோராசாங்கோ வீடு பக்கம்தான். ரயிலில் ஹவுரா வந்தாலும் கவலையில்லை. ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோவில் வந்து, எஸ்பிளனேடில் மாறினால் அடுத்த ஸ்டாப் பார்க் ஸ்ட்ரீட்.

எந்த நாளில் போகலாம்?

இந்த மூன்று இடங்களிலும் திங்கட்கிழமை காட்சிக்கூடங்களுக்கு விடுமுறை. ஞாயிறு, திங்கள் என்று லீவு போட்டுடாதீங்க!