படுக்கையறைக்குள் ஏறிய மலை ரயில்

மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் என் ரயில் பாதி மேட்டில் நின்றுவிட்டது. சக்கரங்கள் சுழன்றன, ஆனால் பெட்டிகள் அசையவில்லை. பிறகு முழு ரயிலும் மெல்லப் பின்னோக்கிச் சறுக்கி, ஒட்டுப்பலகையின் ஓரத்தில் வந்து சாய்ந்தது. இரண்டு ஆண்டுகள் பகுதிநேர வேலை செய்து சேர்த்த 600 வெள்ளியை அந்தப் பலகையில் கொட்டியிருந்தேன்.

"கணக்குல கோட்டை விட்டுட்டியா?" என்று அப்பா கேட்டார். அது கிண்டல்தான். ஆனாலும் எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் கணிதத்தில் தட்டுத்தடுமாறித் தேறியவனுக்கு அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

திரையில் கண்ட பாதை

இந்த ஆசை ஒரு பழைய குறுந்தட்டில் தொடங்கியது. மாமா வீட்டு அலமாரியில் 2001ஆம் ஆண்டு வெளிவந்த 'மைக்ரோசாஃப்ட் டிரெய்ன் சிமுலேட்டர்' கிடைத்தது. 'ஓப்பன் ரெயில்ஸ்' என்ற இலவச மென்பொருளின் உதவியால் அதன் பாதைகளை இன்றைய கணினியிலும் ஓட்டலாம். அதிலுள்ள ஆறு பாதைகளில் ஒன்று, ஜப்பானின் கியூஷூ தீவிலுள்ள ஹிசாட்சு பாதை.

ஹிதோயோஷி, யோஷிமாட்சு என்ற இரண்டு ஊர்களுக்கு இடையில் மலையேறும் பகுதி 1909ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தொடக்கத்தில் அது ககோஷிமாவுக்குச் செல்லும் முதன்மைப் பாதையாக இருந்தது. 1927இல் கடலோரப் பாதை முழுமையடைந்ததும் இது கிளைப்பாதையாகச் சுருங்கிப்போனது.

அந்தப் பாதையில் ஒக்கோபா என்றொரு நிலையம் இருக்கிறது. அங்கே ரயில் நேராக மேலே போகாது. நிலையத்துக்குள் நுழைந்து நிற்கும். ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்துபோய், வந்த திசையிலேயே ரயிலைத் திருப்பி ஓட்டுவார். ஒரு பக்கப் பாதையில் மீண்டும் நின்று, மறுபடியும் முனை மாறி, மலையைச் சுற்றி ஏறுவார். சுற்றி முடிக்கும்போது ரயில் தன் பாதையைத் தானே மேலாகக் கடந்திருக்கும். சற்றுமுன் நின்ற நிலையம் கீழே சிறியதாகத் தெரியும். ஒரு வளையத்துக்குள்ளேயே இப்படி முன்பின் திரும்பும் நிலையம் ஜப்பானில் இது ஒன்றுதான்.

இதை எப்படியாவது செய்து பார்த்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

150இல் ஒரு பங்கு

ஜப்பானில் பரவலாகப் பயன்படும் 'என்' அளவு மாதிரி ரயில்கள் 150இல் ஒரு பங்காகச் செய்யப்படுகின்றன. தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர்.

இங்குதான் முதல் அதிர்ச்சி. அந்த மலைப்பகுதியின் நீளம் 35 கிலோமீட்டர். 150ஆல் வகுத்தாலும் 233 மீட்டர் வருகிறது. எங்கள் தாமான் வீடுகளின் வரிசையே அவ்வளவு நீளம் இருக்காது! ஒக்கோபா வளையத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அதன் ஆரம் 300 மீட்டர். மாதிரியில் 2 மீட்டர், அதாவது வட்டத்தின் குறுக்களவு 4 மீட்டர். என் அறையின் அகலமோ 3 மீட்டர்.

மாதிரி ரயில் அமைப்பவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: தேர்ந்து சுருக்குதல். எல்லாவற்றையும் ஒரே அளவில் நசுக்கக் கூடாது. எது இல்லாவிட்டால் அந்த இடம் அந்த இடமாக இருக்காதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். நான் வளையத்தையும் நிலையத்தையும் வைத்துக்கொண்டேன். 180க்கு 90 சென்டிமீட்டர் பலகை, கடைகளில் கிடைக்கும் 28.2 சென்டிமீட்டர் ஆர வளைவுத் தண்டவாளம்.

கணக்கு அழகாக அமைந்தது. அந்த வட்டத்தின் சுற்றளவு 177 சென்டிமீட்டர். 3 விழுக்காடு ஏறினால் ஒரு சுற்றில் 5.3 சென்டிமீட்டர் உயரலாம். கீழே இன்னொரு ரயில் நுழைந்து போக அது போதும். உண்மையான பாதையின் ஏற்றமும் ஏறத்தாழ அதே 3 விழுக்காடுதான்.

பிறகு ஏன் ரயில் சறுக்கியது?

தாத்தா கேட்ட கேள்வி

தாத்தா மலாயா ரயில்வேயில் கம்பிச்சடக்கு பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணினியில் நான் ரயில் ஓட்டுவதை அவர் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. அன்று மட்டும் பலகை அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இயந்திரத்தைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"தம்பி, ஸ்டேஷன ஏன் ஏத்தத்து நடுவுல வச்ச?"

நான் விழித்தேன். பாதைமாற்றிகள் விலை அதிகம் என்பதால், முன்பின் திரும்பும் அமைப்பை வெறும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக வட்டத்திலேயே 60 சென்டிமீட்டரைச் சமதளமாக்கி அங்கே நிலையத்தை வைத்திருந்தேன். ரயில் நிற்கச் சமதளம் வேண்டுமல்லவா?

"அப்ப ஏறுறதுக்கு மிச்சம் எவ்வளவு இருக்கு?"

117 சென்டிமீட்டர். அதற்குள் அதே 5.3 சென்டிமீட்டர் ஏற வேண்டும். ஏற்றம் 3 விழுக்காடு அல்ல, 4.5 விழுக்காடு!

"வளைவுல சக்கரம் கம்பியில உரசும். அதுவே பாதி ஏத்தம் மாதிரி. அந்த எடத்துல ஏத்தத்தக் கொறைக்கணும், கூட்டக் கூடாது" என்றார்.

அப்போதுதான் ஒக்கோபா எனக்குப் புரிந்தது. நீராவி இயந்திரங்கள் நீர் நிரப்பச் சமதளத்தில் நிற்க வேண்டியிருந்தது. ஏற்றத்தில் நின்றால் மீண்டும் கிளம்புவது கடினம். மலையிலோ ஏற்றத்தின் ஒவ்வோர் அடியும் தேவை. அதனால்தான் அன்றைய பொறியாளர்கள் நிலையத்தை ஏற்றத்திலிருந்து ஒதுக்கிப் பக்கவாட்டில் வைத்தார்கள். சிமுலேட்டரில் நூறு முறை அந்த நிலையத்தைக் கடந்தவன் நான். ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இரண்டு பாதைமாற்றிகள் வாங்கினேன். நிலையம் பக்கவாட்டுக்குப் போனது. வட்டத்தின் இரு பக்கமும் 25 சென்டிமீட்டர் நேர்த்தண்டவாளம் சேர்த்து முட்டை வடிவமாக்கினேன். சுற்று 227 சென்டிமீட்டரானது. ஏற்றம் 2.3 விழுக்காடாகக் குறைந்தது. சமதளமும் ஏற்றமும் சேரும் இடத்தில் மடிப்பு விழாமல், பலகையை மெல்ல வளைத்துவிடச் சொன்னதும் தாத்தாதான்.

நான்காவது முயற்சியில் ரயில் ஏறியது. நின்றது, திரும்பியது, மீண்டும் ஏறியது. அப்பா அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்.

தொடங்க விரும்பினால்

நண்பர்களே, இதில் இறங்க விரும்பினால் முதலில் தண்டவாளம் வாங்காதீர்கள். சிமுலேட்டரில் பிடித்த பாதையில் ஒரே ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். அதை உண்மை அளவில் தாளில் வரைந்து தரையில் ஒட்டிப் பாருங்கள். ஏற்றம் 3 விழுக்காட்டைத் தாண்டினால் மறுபடியும் வரையுங்கள். விசித்திரமாகத் தெரியும் எதையும், ஏன் என்று தெரியாமல் நீக்காதீர்கள்.

2020 ஜூலையில் குமா ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. ஹிசாட்சு பாதையின் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. அதன்பின் ஒக்கோபாவுக்கு ரயில் வருவது நின்றுபோனது.

அந்த நிலையத்தின் மரச்சுவர்களில் பயணிகள் தங்கள் பெயர் அட்டைகளை ஒட்டிவிட்டுப் போவது வழக்கம். ஒட்டினால் வாழ்க்கையில் முன்னேறலாம் என்ற நம்பிக்கை. 150இல் ஒரு பங்காக்கினால் ஓர் அட்டையின் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஊசிமுனையால் வெள்ளைப் புள்ளிகளாக வைத்தேன். வேலை பார்த்த காலத்தில் தாத்தாவிடம் பெயர் அட்டை இருந்ததே இல்லை. கதவுக்கு வலப்பக்கம் உள்ள முதல் புள்ளி அவருடையது.