அழைப்புமணியை அடித்த பையன்

வாசலில் வந்து நின்றவனைச் சுட்டுக் கொன்றுவிட்டு, "பயந்துவிட்டேன், தற்காப்புக்காகச் சுட்டேன்" என்று ஒருவர் சொன்னால், சட்டம் அவரை விட்டுவிடலாமா? 1993-ம் ஆண்டில் அமெரிக்காவையும் ஜப்பானையும் உலுக்கிய கேள்வி இது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த விவாதம் ஓயவில்லை. சொந்த ஊரை விட்டு வந்து, பிறர் மொழியில் காலம் தள்ளும் நம்மைப் போன்ற குடும்பங்கள் இந்த வழக்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

யோஷிஹிரோ ஹட்டோரி, ஜப்பானின் நகோயா நகரத்துப் பையன். வயது 16. மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் 1992-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள பேட்டன் ரூஜ் நகருக்குப் படிக்க வந்திருந்தான். அங்கே ஒரு பேராசிரியர் குடும்பம் அவனைத் தங்கள் வீட்டில் பிள்ளை போல வைத்துக் கொண்டது. அக்டோபர் 17-ம் தேதி இரவு, அந்த வீட்டுப் பையனோடு ஹாலோவீன் விருந்துக்குக் கிளம்பினான். மாறுவேடம் போட்டுக் கொண்டாடும் பண்டிகை அது. ஹட்டோரி ஒரு சினிமா நடன நாயகனைப் போல வெள்ளை உடை அணிந்திருந்தான். விருந்து நடந்த வீட்டின் எண்ணில் இலக்கங்கள் இடம் மாறிப் போனதால், சில வீடுகள் தள்ளி வேறொருவர் வீட்டு மணியை அடித்துவிட்டார்கள்.

பக்கத்துக் கதவைத் திறந்த அந்த வீட்டு அம்மாள் அவர்களைப் பார்த்ததும் மிரண்டு கதவைச் சாத்தினார். துப்பாக்கியை எடுக்கும்படி கணவரிடம் கத்தினார். கணவர் ராட்னி பியர்ஸ், 30 வயது, சூப்பர் மார்க்கெட் ஒன்றின் இறைச்சிப் பிரிவில் வேலை பார்த்தவர். ரிவால்வரோடு கதவைத் திறந்து "ஃப்ரீஸ்!" என்று கத்தினார். விருந்துக்கு வந்திருப்பதாகச் சொல்லிக் கொண்டே ஹட்டோரி அவர் பக்கம் நடந்து வந்தான். குண்டு மார்பில் பாய்ந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

"ஃப்ரீஸ்" என்றால் தண்ணீர் உறைவது என்றுதான் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். துப்பாக்கியை நீட்டியபடி ஒருவர் சொன்னால் "அசையாதே, அசைந்தால் சுடுவேன்" என்று பொருள் என்பதை எந்தப் பள்ளி சொல்லிக் கொடுக்கிறது? "ப்ளீஸ்" என்று அவன் காதில் விழுந்திருக்கலாம் என்றுகூட அப்போது பலர் பேசிக் கொண்டார்கள். அவன் என்ன கேட்டான், என்ன புரிந்துகொண்டான் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

போலீஸ் முதலில் பியர்ஸை வழக்கில்லாமல் அனுப்பிவிட்டது. ஜப்பானியத் தூதரக அதிகாரியும் மாநில ஆளுநரும் ஆட்சேபித்த பிறகே வழக்குப் பதிவானது. 1993 மே மாதம் விசாரணை நடந்தது. மணியடித்து வாசலில் நிற்பவனைக் கொலைகாரன் என்று நினைப்பது நியாயமான பயமா என்று அரசு வக்கீல் கேட்டார். பியர்ஸ் ஒரு சாதாரண மனிதர், குடும்பத்தைக் காக்க நினைத்தவர், முன்பின் தெரியாதவன் வேகமாக நெருங்கி வந்ததால் பயந்தார் என்றது எதிர்த்தரப்பு. நடந்ததற்கு வருந்துவதாக பியர்ஸும் சொன்னார். பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கலந்து பேசி, குற்றவாளி இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தில் கைதட்டினார்கள். ஜப்பான் திகைத்து நின்றது.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. 1994-ல் ஹட்டோரியின் பெற்றோர் நஷ்டஈடு கேட்டுத் தொடர்ந்த சிவில் வழக்கில், அதே நகரத்து நீதிபதி நேர் எதிராகத் தீர்ப்பளித்தார். அந்தப் பையனைச் சுட வேண்டிய அவசியமே இல்லை என்று கூறி, சுமார் 6,53,000 டாலர் தரும்படி உத்தரவிட்டார். மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. ஒரே இரவு, ஒரே குண்டு, இரண்டு தீர்ப்புகள்! இதில் முரண்பாடு எதுவும் இல்லை. கிரிமினல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும். சிவில் வழக்கில் அவ்வளவு தேவையில்லை. ஆகவே "குற்றவாளி இல்லை" என்பதற்கு "செய்தது சரி" என்று பொருளாகாது. விடுதலையானவரைத் தூக்கிக் கொண்டாடுபவர்களும், தீர்ப்பைக் கேட்டு ஒரு நாட்டையே திட்டித் தீர்ப்பவர்களும் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

கதவு உள்ளே பூட்டியிருந்தது. போலீஸைக் கூப்பிட டெலிபோனும் இருந்தது. அப்படியிருக்க, கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவானேன்? பயந்தாரா என்று கேட்டால் பயந்தார் என்பதே பதில். பயந்தவர் செய்ய வேண்டியது அதுதானா என்று கேட்டால் பதில் வேறு. பயத்தை மட்டும் சட்டம் அளவுகோலாக வைத்துக் கொண்டால், வாசலில் நிற்கும் அந்நியனின் உயிர் உள்ளே இருப்பவரின் மனநிலையைப் பொறுத்ததாகிவிடும்.

நம் நாட்டிலும் தற்காப்பு உரிமை உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகள் அதைச் சொல்லின. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரையான பிரிவுகள். இரவில் பூட்டை உடைத்து வீட்டுக்குள் புகுபவனைத் தடுக்கும்போது உயிர்ச்சேதம் நேர்ந்தாலும் சட்டம் பொறுக்கும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, அதிகாரிகளின் உதவியை நாட நேரமிருந்தால் இந்த உரிமை இல்லை என்ற நிபந்தனைகளும் கூடவே இருக்கின்றன.

மகனைப் பறிகொடுத்த அந்தப் பெற்றோர் செய்தது மனதைத் தொடுகிறது. வீடுகளில் கைத்துப்பாக்கி எளிதாகக் கிடைப்பதை எதிர்த்து ஜப்பானில் 16 லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகள் திரட்டி, 1993 நவம்பரில் ஜனாதிபதி கிளின்டனைச் சந்தித்தார்கள். மகன் தங்கியிருந்த அமெரிக்கக் குடும்பமும் அவர்களோடு கை கோத்து நின்றது. அதே மாதம் 30-ம் தேதி, கைத்துப்பாக்கி வாங்க ஐந்து நாள் காத்திருக்கச் செய்யும் பிராடி சட்டத்தில் கிளின்டன் கையெழுத்திட்டார். மகன் பெயரில் நிதி ஏற்படுத்தி, அமெரிக்க மாணவர்களை ஜப்பானுக்கு அழைத்துப் படிக்க வைத்தார்கள். மகனைக் கொன்ற நாட்டின் பிள்ளைகளுக்குத் தங்கள் நாட்டின் கதவைத் திறந்துவிட எத்தனை பேருக்கு மனம் வரும்?

இப்படிப்பட்ட சம்பவங்கள் அதோடு நிற்கவில்லை. 2023-ல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில், தம்பிகளை அழைத்து வரப் போய், தவறான வீட்டு மணியை அடித்த 16 வயது கறுப்பினப் பையனை அந்த வீட்டு முதியவர் சுட்டார். பையன் பிழைத்துக் கொண்டான்.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஊறுகாயும் பொடியும் கட்டிக் கொடுப்பதோடு, அந்த ஊர்ச் சட்டத்தையும் தெரு வழக்குப் பேச்சையும் சொல்லி அனுப்புவோம். இன்னொன்றும் உண்டு. இன்று நாமும் பூட்டிய கதவுக்குள் இருந்து "கோன் ஹை?" என்று கேட்பவர்களாகிவிட்டோம். வெளியே நிற்பது வழி தவறி வந்த கூரியர் பையனாகவும் இருக்கலாம், ஊருக்குப் புதிதாக வந்த இன்னொரு தமிழனாகவும் இருக்கலாம். பயம் வந்தால் கதவைத் திறக்காமல் இருப்போம், காவலாளியைக் கூப்பிடுவோம். ஆனால் வந்தவன் யார் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே அவனைத் திருடன் என்று முடிவு கட்ட வேண்டாம்.