நிறுவியும் அகப்படாத லைப்ரரி

சென்ற வாரம், மூலநிரலைக் கம்பைலரிடம் ஒப்படைக்கும் கட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். பலருடைய பிரயாணம் அந்தக் கட்டத்தை எட்டுமுன்பே முடிந்துபோகிறது. டெபியன் கணினியில் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி இருப்பதைக் கண்ணாரக் கண்ட பிறகும், பில்ட் கருவியான சிமேக்கை ஓட்டியவுடன் ‘ஓப்பன்எஸ்எஸ்எல் அகப்படவில்லை’ என்று அது கையை விரித்தால், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறதே இந்த யந்திரம் என்று பரிகசிக்கத்தான் தோன்றும். ஆனால் அந்த வாக்கியத்தின் பூரண அர்த்தம், தான் தேடிய இடங்களில் தான் தேடிய கோப்பு இல்லை என்பது மாத்திரமே. எதைத் தேடியது, எங்கே தேடியது என்று விசாரிக்காமல், லைப்ரரியை நீக்குவதும் மறுபடி நிறுவுவதுமாகப் பொழுதைப் போக்குவது வீண் பிரயத்தனம் என்பது என் அபிப்பிராயம்.

டெபியனில் ஒரு லைப்ரரி சாமானியமாக இரண்டு பொதிகளாகப் பிரிந்து கிடக்கும். டெபியன் 12-இல் ‘லிப்எஸ்எஸ்எல்3’ என்ற பொதி தருவது, ஏற்கெனவே தயாரான நிரல்கள் ஓடும்போது உபயோகிக்கும் ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3’ என்ற கோப்பை. புதிதாக ஒரு நிரலைக் கட்டுவதற்கு வேண்டிய ஹெடர்களும், பதிப்பெண் இல்லாத ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ’ என்ற சிம்லிங்கும் ‘லிப்எஸ்எஸ்எல்-டெவ்’ என்ற வேறொரு பொதியில் இருக்கின்றன. லிங்கரோ பதிப்பெண் இல்லாத பெயரைத்தான் கேட்குமேயன்றி, அதே அடைவில் 3 என்ற வாலோடு உட்கார்ந்திருக்கும் கோப்பை ஏறிட்டும் பாராது. இதில் கோபிக்க நியாயமில்லை. நிரலை ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அதைக் கட்டுகிறவர்கள் அல்லவே!

டெவ் பொதி வேண்டாமென்று ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஐ மூலத்திலிருந்தே கட்டி நிறுவுகிறவர்களுக்கு வருவது வேறு விதமான சங்கடம். எக்ஸ்86 வகை 64 பிட் லினக்ஸில் அது தன் லைப்ரரிக் கோப்புகளை, ‘யூஎஸ்ஆர்/லோக்கல்’ அடைவின் கீழே, ‘லிப்’ என்பதில் அல்ல, ‘லிப்64’ என்பதில் கொண்டுபோய் வைக்கிறது. லைப்ரரிகளின் இருப்பிடத்தைத் தேடிச் சொல்லும் கருவியான டெபியனின் பிகேஜி-கான்ஃபிக் பரம்பரையாகத் தேடும் இடங்களின் பட்டியலிலோ ‘லிப்64’ கிடையாது. இரு தரப்பிலும் குற்றமில்லை, ஆனாலும் காரியம் நடக்கவில்லை. பிகேஜி-கான்ஃபிக்கிடமே அதன் ‘பிசி_பாத்’ என்னவென்று கேட்டால் பட்டியலை ஒளிக்காமல் ஒப்பித்துவிடும். விடுபட்ட இடத்தை ‘பிகேஜி_கான்ஃபிக்_பாத்’ என்ற சூழல் மாறியில் சேர்த்துவிட்டால் போதும். மாக் கணினிக்காரர்களுக்கும் இதே கஷ்டம் உண்டு: ஆப்பிளின் சொந்தச் சில்லுள்ள கணினிகளில் ஹோம்புரூ ‘ஆப்ட்/ஹோம்புரூ’ என்ற இடத்தில் குடியேறிய பிறகும், பழைய பில்ட் ஸ்கிரிப்டுகள் ‘யூஎஸ்ஆர்/லோக்கல்’ வாசலிலேயே நின்று கதவைத் தட்டுகின்றன.

சிமேக்குக்கு மட்டும் ஞாபகசக்தி சற்று அதிகம். ஒரு முறை கண்டுபிடித்த பாதையை ‘சிமேக்கேஷ்.டிஎக்ஸ்டி’ கோப்பில் எழுதிவைத்துக்கொண்டு, லைப்ரரியை நாம் இடம் மாற்றிய பின்னும் பழைய விலாசத்தையே சாதிக்கும். 3.24 பதிப்பு முதல் ‘--ஃப்ரெஷ்’ என்று சொன்னால் அதை மறந்துவிட்டுப் புதிதாகத் தேடும். தேடலின் ஒவ்வொரு படியையும் பார்க்க விரும்புகிறவர்கள் ‘--டீபக்-ஃபைண்ட்’ என்று சேர்த்து ஓட்டலாம். நீளமான புலம்பல்தான், ஆனால் எந்த அடைவை எட்டிப் பார்த்தது என்பது அதில் பிரத்தியட்சமாகத் தெரியும்.

இவ்வளவும் தாண்டிக் கட்டி முடித்த நிரல், ஓடத் தொடங்கிய க்ஷணத்திலேயே அதே லைப்ரரியைக் காணோம் என்று நின்றுவிடுவதும் உண்டு. அங்கே தேடுவது லிங்கர் அல்ல, லோடர். அதன் பட்டியலும் வேறு. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.